பர்கர் உணவகமும் மளிகைக் கடையும்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் உணவகங்களுக்குப் பர்கர் புதிதல்ல. இந்தப் பாடத்தில் பார்க்கப்போவது வேறு வகைக் கடை. பர்கருக்கென்றே நடத்தப்படுவது, மேசை போட்டு உட்கார வைத்து, கேட்ட பிறகு செய்து கொடுப்பது, சாதாரண பர்கரைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை வைப்பது. சென்னையில் இவை பெருகிவிட்டன. கல்பாக்கம் ஊழியர் குடும்பங்களும், சனி ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் கார்களும் இருக்கும்போது, நம் சதுரங்கப்பட்டினம் பக்கமும் அப்படி ஒரு கடை வருவதற்கு வெகுகாலம் ஆகாது. வந்தால் அதற்குச் சரக்குப் போடப்போவது நாமா, சென்னையிலிருந்து வரும் வேனா?

பெரிய கம்பெனிக் கடைகளில் நமக்கு இடமே கிடையாது. மெக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடையைத் திறக்கும் முன்பே பன், சீஸ், கீரை ஒவ்வொன்றுக்கும் ஆள் பிடித்து வைத்துவிட்டது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லை. சைவத்துக்குத் தனி அடுக்களை. மயோனைஸிலும் முட்டை இல்லை. அந்தக் கம்பெனிக்குப் பன் போட்டவர்களில் ஒருவர் லூதியானாவைச் சேர்ந்த ரஜ்னி பெக்டர். 1970களில் வீட்டில் ஐஸ்கிரீம் செய்து விற்கத் தொடங்கியவர். அவர் வளர்த்த நிறுவனம் 2020 டிசம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ருசியான பன் செய்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆயிரம் பன்னையும் ஒரே எடையில், ஒரே அகலத்தில், சொன்ன நேரத்துக்குக் கொடுப்பவர்தான் அபூர்வம். நம் ஊருக்கு இது புதுக்கதையும் அல்ல. சதுரங்கப்பட்டினத்து மஸ்லினை வாங்கிய டச்சுக் கம்பெனிக்காரர்கள் மாதிரித் துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே தரம் பிரித்தார்கள். குறைந்ததைத் தள்ளினார்கள், அல்லது விலையைக் குறைத்தார்கள்.

தனி முதலாளி நடத்தும் பர்கர் உணவகம் அப்படியல்ல. அவர் தாமே கொள்முதல் செய்கிறார். அங்கேதான் நமக்கு வாசல் திறந்திருக்கிறது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு அப்படிப்பட்ட கடைக்குச் சென்று சாப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ருசியைப் பார்க்கட்டும். நீங்கள் தட்டைப் பாருங்கள். பன் வெண்ணெய் சேர்த்த மென்மையான வகையா, சாதாரண பேக்கரிப் பன்னா? நடுவில் வைத்திருக்கும் தட்டை, அங்கேயே அரைத்துச் சுட்டதா, உறைய வைத்து வந்ததா? சீஸ் துண்டு எந்தக் கம்பெனி? மேசையில் வைத்திருக்கும் சாஸ் புட்டியா, சிறு பொட்டலமா? பக்கத்தில் வரும் உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால் அது உறைநிலைச் சரக்கு. வாங்கிய பில்லையும் பத்திரமாகக் கொண்டு வாருங்கள். எந்த அயிட்டத்துக்கு என்ன விலை என்பது அதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 60 பர்கர் விற்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு சீஸ் துண்டு என்றால் 10 துண்டு உள்ள பொட்டலம் தினம் 6 வேண்டும். மயோனைஸ் 20 கிராம் வீதம் 1 கிலோ 200 கிராம். தக்காளி சாஸ் 15 கிராம் வீதம் 900 கிராம். 40 பேர் வறுவல் கேட்டால், 100 கிராம் வீதம் 4 கிலோ. மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். நாம் அலமாரியில் அடுக்கியிருக்கும் சின்னப் புட்டிகள் அவருக்கு உதவாது. உணவகங்களுக்கென்று கம்பெனிகள் போடும் 1 கிலோ பையும், 2½ கிலோ வறுவல் பையும்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். இதைக் கம்பெனி ஏஜெண்டிடம் கேட்டு வாங்கும் மளிகைக்காரர் மிகக் குறைவு.

மயோனைஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் பெருகி வயிற்றைக் கெடுக்கும் என்பதே காரணம். அடுக்களையில் மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்த உணவகங்கள் முட்டையில்லாத, கம்பெனி முத்திரையிட்ட பைகளைத் தேட வேண்டியதாயிற்று. இப்படி ஒரு அறிவிப்பு வரும் வாரத்தில் சரக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு வாடிக்கை தானாக வருகிறது. ஆனால் திறந்த பையைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வாங்குபவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் நம் வேலை. கெட்டுப்போனால் முதலில் சரக்குப் போட்டவரைத்தான் கேட்பார்கள்.

உறைநிலைச் சரக்கை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். ஐஸ்கிரீம் பெட்டியின் ஓரத்தில் திணித்து வைத்து, மின்சாரம் நின்ற இரவில் உருகி, மறுநாள் மீண்டும் உறைந்த பையை விற்பது வியாபாரமே அல்ல. தனி ஃப்ரீசரும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இல்லாதவர் இந்தச் சரக்கை விட்டுவிடலாம். சீஸ், சாஸ், எண்ணெய், பன், டிஷ்யூ காகிதம், பொட்டலப் பெட்டி ஆகியவற்றிலேயே நல்ல வியாபாரம் இருக்கிறது. லெட்டூஸ் கீரை ஊட்டிப் பக்கத்திலிருந்து வருவது; நம் வெயிலில் ஒரே பகலில் வாடிவிடும். அதைக் காய்கறிக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது.

வரி விஷயம் நமக்குச் சாதகமானது. தனியாக நடக்கும் உணவகம் வாடிக்கையாளரிடம் 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்குகிறது, ஆனால் 2017 நவம்பர் 15 முதல் கொள்முதலில் கட்டிய வரியை அது கழித்துக்கொள்ள முடியாது. எனவே அவர் பார்ப்பது வரி சேர்ந்த மொத்த விலையைத்தான். இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரரிடம் வாங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சீஸ், வெண்ணெய், சாஸ், மயோனைஸ் ஆகியவற்றின் வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.

இனி கடன். சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது நமக்கும் உண்டு என்று பலர் நம்பியிருக்கிறார்கள். 2021 ஜூலையில் வணிகர்களையும் அந்தப் பதிவில் சேர்த்தது உண்மை. ஆனால் வங்கியில் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும். பாக்கி வசூலுக்கு அந்தச் சட்டம் வணிகருக்கு உதவாது. நாமே கெடு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் ரொக்கம், பிறகு 7 நாள், தொகைக்கு உச்ச வரம்பு, ஒவ்வொரு சிட்டையிலும் கையெழுத்து. கடற்கரை வியாபாரம் சனி ஞாயிறிலும், டிசம்பர், ஜனவரி நாட்டிய விழாக் காலத்திலும் பொங்கி, பின்பு அடங்கும் வியாபாரம். வியாழனன்றே சரக்கை இறக்கி வையுங்கள். பாக்கியை ஜனவரி முடிவதற்குள் நேர் செய்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் மேசைகள் காலியான பிறகு கேட்டால் முதலாளியும் கடையில் இருக்க மாட்டார்.