முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

இந்த வார எபிசோட்ல நேரம் பத்தாம பாதியில விட்டதை இங்கே முழுசா எழுதுறேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணினா, உள்ளே இருக்கிறதை எப்படி வெளியே எடுக்கிறது?

நான் இருக்கிறது யாங்கோன்ல. நம்ம தாத்தா பாட்டிக்கு இது ரங்கூன். இங்கே கரண்ட் முறை வச்சுத்தான் வரும். வந்ததும் தெருவே "மீ லா பீ!"ன்னு கத்தும், கரண்ட் வந்துருச்சுன்னு அர்த்தம். நமக்குச் சந்தோஷம்தான், ஆனா ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த ஊர் ஆகாது. உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுத்திக்கிட்டிருக்கு. அதுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்குது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்த பைல் எங்கே இருக்குன்னு சொல்ற பட்டியலே கெட்டுப்போகலாம். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறினால் சர்க்யூட் போர்டும் போகும்.

"கிளவுட்ல ஏத்தி வைக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க. 2021 மார்ச்சில் மொபைல் டேட்டாவையே நாடு முழுக்க நிறுத்தினாங்க. அதனால பல வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு காப்பி, அதுவும் பீரோவுக்குள்ள.

அப்படி ஒண்ணைத்தான் எங்க தெரு அக்கா ஒருத்தங்க கொண்டுவந்தாங்க. 1 டிபி டிரைவ். அவங்க அப்பா குடும்பத்துப் பழைய போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிப் போன சொந்தக்காரங்க பல பேர் அதில் இருக்காங்க. படத்துல நிக்கிறது யார் யார்னு பைல் பேராவே டைப் பண்ணியிருந்தார். அந்த அப்பா இப்போ இல்ல. ஆக, படம் மட்டும் கிடைச்சா போதாது, பைல் பேரும் வேணும். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில இதுதான் முக்கியமாகப் போகுது.

சொருகினதும் விண்டோஸ், "ஃபார்மேட் பண்ணட்டுமா?"ன்னு கேட்கும். வேண்டாம்னு சொல்லுங்க. செக்டிஸ்க் ஓட்டுறதும் வேண்டாம். அது ‘சரிசெய்யிறேன்’னு டிரைவ் மேலேயே எழுதும். நோயாளி மேலேயே பரிசோதனை பண்ற கதை. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. சில ‘செத்த’ டிரைவ் இதுலயே எழுந்து உட்காரும். அப்புறம் காதை வச்சுக் கேளுங்க. ‘டக் டக்’னு தட்டுற சத்தம் வந்தா உடனே கழட்டிடுங்க. அது ஹெட் பிரச்சினை. ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் தட்டைக் கீறலாம். அதைத் திறக்கிறது தூசி இல்லாத க்ளீன்ரூம் வச்சிருக்கிற லேபோட வேலை, தெருமுனைக் கடை வேலை இல்ல. ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர்ல வைக்கச் சொல்ற வைத்தியமும் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு. யாங்கோன் மழைக்காலத்துல ஃப்ரீசர்ல இருந்து எடுத்த பாட்டில் மேல தண்ணி எப்படிக் கோர்க்குதுன்னு பார்த்திருக்கீங்களா? அதேதான் தட்டு மேலயும் நடக்கும்.

அக்காவோட டிரைவ்ல தட்டுற சத்தம் இல்ல. ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 197-ம் எண் மட்டும் ஏறியிருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கிற செக்டர்களோட கணக்கு அது. அப்படின்னா டிரைவ் உயிரோட இருக்கு, ஆனா நேரம் அதிகம் இல்ல.

இங்கேதான் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ வருது. இலவசம், லினக்ஸ்ல ஓடும். பைல் பைலா காப்பி பண்ணாது. டிரைவ் மொத்தத்தையும் செக்டர் செக்டரா இன்னொரு டிஸ்க்குல ஒரே இமேஜ் பைலா எடுக்கும். முதல் சுற்றுல நல்லா படிக்கிற பகுதியை அள்ளிக்கிட்டு, அடம்பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போயிடும். கெட்ட இடத்தோட மல்லுக்கட்டுறது கடைசியிலதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மேப் பைல். எதைப் படிச்சாச்சு, எது பாக்கின்னு அதுல குறிச்சுக்கிட்டே போகும். நடுவுல நின்னாலும், அதே கட்டளையை அதே மேப் பைலோட கொடுத்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரும். யாங்கோன்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

கணக்குப் பாருங்க. நல்ல 1 டிபி டிரைவ் நொடிக்கு 100 எம்பி கொடுத்தா மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். நோயாளி டிரைவ் 5 எம்பிதான் கொடுக்கும்னா 55 மணி நேரத்துக்கு மேல. அவ்வளவு நேரம் இங்கே கரண்ட் தொடர்ந்து இருக்காது. அதனால லேப்டாப்ல ஓட்டினேன். யூஎஸ்பியிலேயே ஓடுற சின்ன டிரைவ்ங்கிறதால கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். 12 வோல்ட் அடாப்டர் கேட்கிற பெரிய டிரைவ்னா யூபிஎஸ் கட்டாயம். மேப் பைலை நல்ல டிஸ்க்குலதான் வைக்கணும், நோயாளி மேல இல்ல.

நாலு நாள், பல தடவை நிறுத்தி நிறுத்தி ஓடுச்சு. டிரைவ் சூடானா நானே நிறுத்திடுவேன்.

இமேஜ் கைக்கு வந்ததும் டிரைவைக் கழட்டி வச்சாச்சு. இனிமே எல்லா வேலையும் காப்பி மேலதான். இங்கே பலர் நேரா ஃபோட்டோரெக்குக்குப் போவாங்க. அது படங்களோட வடிவத்தை வச்சுத் தேடி எடுக்கும், ஆனா பேர், ஃபோல்டர் எதுவும் வராது. எல்லாமே வெறும் நம்பராத்தான் வந்து விழும். நமக்கு வேண்டியதே பேர்தான். அதனால முதல்ல டெஸ்ட்டிஸ்க். பைல் பட்டியலோட முதல் சில வரிகளுக்கு என்டிஎஃப்எஸ் இன்னொரு நகல் வச்சிருக்கும். கெட்டுப்போன முதல் வரியை அந்த நகலை வச்சு டெஸ்ட்டிஸ்க் சரிபண்ணுச்சு. ஃபோல்டரெல்லாம் பேரோட திறந்தது. படிக்கவே முடியாத கொஞ்சப் பகுதியில் மாட்டின படங்களை மட்டும் ஃபோட்டோரெக்ல தேடினோம். சிலது பாதி சாம்பல் நிறமா வந்தது, சிலது வரவே இல்ல.

நம்பிக்கை வேணும்னா ஒண்ணு சொல்றேன். 2003-ல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்திலிருந்து கருகிக் கிடைத்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே 99 சதவீதம் டேட்டாவை மீட்டாங்க. ஆனா அதைத் திறந்தது லேப், கடைக்காரர் இல்ல.

அக்கா இப்போ பேர்களைப் படத்துக்குள்ளேயே எழுதிக்கிட்டிருக்காங்க. டிஜிகாம்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல கேப்ஷன் எழுதி, பைலுக்குள்ளேயே சேமிக்கச் சொன்னா, பைல் பேர் அழிஞ்சாலும் யார் நிக்கிறாங்கன்னு படம் கூடவே போகும். ரெண்டாவது காப்பி சென்னைக்குப் போற அத்தை பையில போகுது.