நீலம் வெளுத்தால் போதாது

அன்புள்ள தம்பிக்கு,

ஜிங்க் ஆக்சைடின் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்கள் வந்தன. ஆய்வில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஹைட்ரோதெர்மலில் இவ்வளவு ஒழுங்கான நானோ தண்டுகள் எல்லோருக்கும் வாய்க்காது. உனக்குக் கை இருக்கிறது. ஆனால் ஆய்வுத் தலைப்பில் தூய எரிசக்தி, நீர்ச் சுத்திகரிப்பு, ஒளியுமிழ்வு என மூன்றையும் கோத்திருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது.

ஒளி பட்டதும் ஆக்சைடுக்குள் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது. கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. இரண்டும் மறுபடி சேரும்போது வெளிச்சம் வரலாம், ஒளியுமிழ்வுக்கு வேண்டியது அதுதான். அழுக்கை உடைக்கவோ நீரைப் பிளக்கவோ வேண்டுமானால் அவை சேரவே கூடாது. பிரிந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். ஒரே பொடி இரண்டிலும் கெட்டி என்று எழுதினால் தேர்வாளர் முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான். ஒளியுமிழ்வு குறைந்திருக்கிறது, ஆகவே பிரிதல் நன்றாக நடக்கிறது என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஒளி விடாமல் வெப்பமாகவும் அவை சேர்ந்து தீரலாமே!

ஒளியுமிழ்வை, அதாவது விளக்கு செய்யும் ஆசையை, விட்டுவிடு. ஜிங்க் ஆக்சைடின் 3.37 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி பலருக்கு ஆசை காட்டியது. நம்பகமான பி-வகைப் பொருள் கிடைக்காமல் அல்லாடினார்கள். நீல எல்.இ.டி. காலியம் நைட்ரைடில் வந்தது. 2014 இயற்பியல் நோபலும் அதற்கே போனது.

இனி தண்ணீர். மெத்திலீன் புளூவைக் கரைத்து, பொடியைப் போட்டு, புற ஊதா (யு.வி.) விளக்கின் கீழே வைத்தாய்; நீலம் வெளுத்தது. சரி, சாயம் எங்கே போனது? பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் விளக்கைப் போடுமுன் இருட்டில் கலக்கி, அளவு மாறாமல் நிலைக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறோம். அல்லது சாயம் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கலாம். காற்றுப் பட்டால் அது மீண்டும் நீலமாகும். பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். மெத்திலீன் புளூ 664 நானோமீட்டர் அருகே தானே ஒளியை உறிஞ்சும். அங்கே உழைத்தது உன் ஆக்சைடா, சாயமா என்று எப்படிச் சொல்வாய்? நிறமில்லாத ஃபீனால் போன்ற ஒன்றையும் வைத்துப் பார். மொத்தக் கரிமக் கார்பனையும் அள. நிறம் போய் கார்பன் அப்படியே இருந்தால், மூலக்கூறு துண்டானது மட்டுமே நடந்திருக்கிறது; தண்ணீர் சுத்தமாகவில்லை. ஜிங்க் ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையும், யு.வி.யிலும் அரிபடும். ஆகவே வடிகட்டிய நீரில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்பதும் உன் அட்டவணையில் வர வேண்டும்.

முன்னுரையில் திருப்பூர் சாயக்கழிவு என்று எழுதாதவரே நம்மிடையே இல்லை. அங்கே தலைவலி நிறத்தோடு முடியவில்லை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பைக் கொட்டுகிறார்கள். கழிவு காரமாகவும் இருக்கும். நொய்யல் ஆற்றின் நிலை கண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்காக ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் அங்கே ஓடுகின்றன. உன் பொடி உப்பைத் தொடவே தொடாது. போதாக்குறைக்கு, குளோரைடும் கார்பனேட்டும் சாயத்தை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைத் தின்றுவிடும். வாலை வடிநீரில் வந்த எண்ணை அங்கே ஒப்பிக்காதே. உப்பும் சோடாவும் சேர்த்த கரைசலில் ஒருமுறை செய்து பார். எண் விழும், விழட்டும். எனக்கு அந்த விழுந்த எண்தான் சுவாரசியம்.

ஒளியே வேண்டாத வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் நானோ அமைப்புள்ள இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடால் குடிநீரின் ஆர்சனிக்கைப் பிடிக்கிறார்கள். எட்ட வேண்டிய இலக்கு அவர்களுக்கு முதலிலேயே தெரியும்: லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உன் தலைப்பில் அப்படி ஓர் எண் இல்லை.

எரிசக்தி அத்தியாயம் வேண்டும் என்று உன் கைடு பிடிவாதம் பிடித்தால், 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் தொடங்கியதைப் படித்துவிட்டு, நேரே கசுனாரி டோமன் குழுவின் இரண்டு கட்டுரைகளுக்கு வா. அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில், 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில், குவாண்டம் திறன் 96 விழுக்காடு வரை வந்ததாக 2020-இல் எழுதினார்கள். அதே வகைப் பொருளை 100 சதுர மீட்டர் பலகைகளாக வெயிலில் விரித்தபோது, சூரிய ஆற்றல் ஹைட்ரஜனாக மாறிய அளவு அதிகபட்சம் 0.76 விழுக்காடு என்று 2021-இல் அவர்களே வெளியிட்டார்கள். வெயிலில் யு.வி. சில விழுக்காடுதானே. இரண்டாவது எண்ணையும் ஒளிக்காமல் எழுதியதால்தான் முதல் எண்ணை நான் நம்புகிறேன்.

அடுத்த மடலில் இருட்டில் எடுத்த அளவுகள், பொடியில்லாமல் விளக்கு மட்டும் போட்ட அளவுகள், பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடு வணிகப் பொடியின் அளவுகள் மூன்றும் வேண்டும். பி25 உன் தண்டுகளை முந்தினாலும் அந்தக் கோட்டை அதே வரைபடத்தில் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்