மதிலோரம் மரம் வைக்கும் முன்

பக்கத்து மனையில் வீடு எழும்பும்போதுதான் நமக்கு மரத்தின் நினைவு வரும். நேற்றுவரை கருவேலம் மண்டிய காலி மனை. இன்று நம் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அவர்கள் மாடிப்படி. உடனே நர்சரிக்கு ஓடி, "சீக்கிரம் வளர்றது எதுங்க?" என்று கேட்டு வாங்கி வந்து நட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு நாட்டு வாதாங்கன்றை மதிலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன். ஆறாம் வருடம் மதில் விரிசல் விட்டது. ஏழாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார்.

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி போன்ற இடங்களில், தனி வீடுகளை ஒட்டி வேறு வகைக் கட்டடம் வந்தால் நடுவே மரங்கள் நட்ட நிலப்பட்டை விட வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டடத்தின் தன்மையைப் பொறுத்து 25, 35, 50 அடி அகலம். நம் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்கவாட்டில் திறந்த இடம் விடச் சொல்கின்றன. தனி வீட்டுக்கு அது பெரும்பாலும் மூன்றடி, ஐந்தடிதான். அதிலும் சிமென்ட் பூசி பைக்கை நிறுத்திவிடுகிறோம். ஆக, அந்த மூன்றடியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி.

முதல் வேலை எல்லையைத் தெரிந்துகொள்வது. மதில் நிற்கும் இடம்தான் எல்லை என்று நம்பாதீர்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து வைத்து அளந்து பாருங்கள். கல் காணவில்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் சர்வேயருக்கு மனு கொடுத்துவிடுவது நல்லது. மரம் பெரிதான பிறகு அளந்தால் அது வழக்கில் போய் நிற்கும்.

அடுத்து, கீழேயும் மேலேயும் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, செப்டிக் டேங்க், சம்ப் எங்கே, தலைக்கு மேல் ஈ.பி. கம்பி உண்டா என்று ஒரு தாளில் கிறுக்கி வையுங்கள். பிறகு கடப்பாரையால் ஓர் இடத்தில் குத்திப் பாருங்கள். புது வீட்டின் ஓரத்தில் ஓரடிக்குள் செங்கல் ஜல்லி, டைல்ஸ் துண்டு, கட்டுக்கம்பி, இறுகிப்போன சிமென்ட் மூட்டை எல்லாம் வரும். கொத்தனார் போகும்போது புதைத்துவிட்டுப் போன சொத்து. இதை அள்ளாமல் நட்ட கன்று இரண்டு வருடம் அப்படியே நிற்கும். குறை கன்றுடையது அல்ல.

இப்போது டேப்பைப் பிடியுங்கள். மதிலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடிதான் என்றால் மரத்தை மறந்துவிடுங்கள், செடிவேலிதான் சரி. நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி, நொச்சி ஆகியவற்றை ஒன்றரையடிக்கு ஒன்றாக நட்டு வெட்டி வளர்த்தால் எட்டடி உயரத்துக்கு மறைப்பு கிடைக்கும். கீழ்த்தள ஜன்னலுக்கு அது போதும். ஐந்தாறடி இருந்தால் நெட்டிலிங்கம் வைக்கலாம். பக்கவாட்டில் விரியாமல் மேலே போகும், எப்போதும் பசுமையாக இருக்கும். பழக்காலத்தில் வௌவால் வந்து வெள்ளைச் சுவரில் கோலம் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புங்கை, பூவரசு, மகிழம், புன்னைக்கெல்லாம் பதினைந்தடியாவது வேண்டும். களிமண் பூமி என்றால் இன்னும் தள்ளியே வையுங்கள். வேர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி, அஸ்திவாரம் அசையும்.

மதிலோரம் கூடவே கூடாதவை சில உண்டு. அரசும் அத்தியும் குழாயைத் தேடிப் போகும். முருங்கைக்குக் கிளை பலம் இல்லை; மழை விட்டதும் கம்பளிப்பூச்சி சுவரேறி அடுத்த வீட்டு அடுப்படிவரை போகும். நர்சரியில் 'சீக்கிரம் மறைக்கும்' என்று விற்கும் கோனோகார்பஸையும் வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை போட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்தவற்றில் குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் ஏராளம். அழகுக்காக அவற்றை வீட்டோரம் வைக்க வேண்டாம்.

நடுவது எளிது. இரண்டடி ஆழ அகலக் குழி, செம்மண், மக்கிய தொழுவுரம், இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, சாயாமல் இருக்க ஒரு கம்பு. புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்தில் வருவது வீடு அல்ல, அடுக்குமாடி என்றால் செடியோடு காகிதத்தையும் கையில் எடுக்க வேண்டும். 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டிய கட்டடம் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் அவசியம். அந்த அனுமதிக் கடிதத்தில் மரம் நடுவது பற்றிய நிபந்தனை இருக்கும்; அரையாண்டுக்கு ஒருமுறை அதை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையும் அவர்கள் கொடுத்தாக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் கடிதத்தைத் தேடி எடுத்து, உங்கள் பக்கத்து எல்லையில் அந்த மரங்களை நடும்படி எழுத்தில் கேளுங்கள். அஸ்திவாரம் போடும் காலத்திலேயே கேட்டால் கேட்பார்கள். குடியேறிய பிறகு அந்த இடம் கார் நிறுத்தமாகியிருக்கும்.

கடைசியாகக் கிளை. எல்லை தாண்டிய கிளையைத் தன் பக்கத்து அளவுக்கு வெட்டிக்கொள்ள அடுத்த வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. பல வருடம் அப்படியே இருந்ததால் நமக்கு எந்தப் பாத்தியதையும் வந்துவிடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அங்கே அனுமதியில்லாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. மற்ற ஊர்க்காரர்கள் ஆவணியிலேயே, மழைக்கு முன், கவாத்து செய்துவிடுங்கள். ஆள் வரும் நாளை முந்தின இரவே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள், காரைத் தள்ளி நிறுத்திக்கொள்வார்கள்.