ஒளி எழுதும் ஓவியம்

நுழையும்முன்

ஒளிப்படம் உள்ளதை உள்ளபடியே காட்டும் என்பது பலரின் நம்பிக்கை. ஒளிப்படக்கலை தோன்றிய நாள்தொட்டு அந்நம்பிக்கையைக் கலைஞர்கள் சோதித்துப் பார்த்து வந்துள்ளனர். கணினித் திரையில் இன்று நொடியில் நிகழும் பல மாயங்கள், இருட்டறையில் பொறுமையுடன் கண்டறியப்பட்டவை. அவற்றுள் சிலவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஆளற்ற தெரு

1838ஆம் ஆண்டு, பாரிசு நகரின் புல்வார் து தாம்பிள் என்னும் தெருவை லூயி டாகுவேர் உயரமான சாளரம் ஒன்றிலிருந்து படமெடுத்தார். மக்களும் வண்டிகளும் ஓயாது சென்ற தெரு அது. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடந்தது! வெள்ளி பூசிய தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அதற்குள் கடந்து சென்றவர் எவரும் தகட்டில் தடம் விடவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற மனிதரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. ஆயினும் படம் காட்டிய தெரு உண்மையில் இருந்ததில்லை.

அன்று குறையாக இருந்தது, பின்னர் உத்தியாயிற்று. ஒளி புகும் நேரத்தை வேண்டுமென்றே நீட்டித்தால் அருவி வெண்பட்டாகும். வாகன விளக்குகள் செந்நிறக் கோடுகளாகும். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், இரவு வானின் விண்மீன்கள் வளைகோடுகளாகப் பதியும். படச்சுருளில் இதனைப் பதிப்பது எளிதன்று. மங்கிய ஒளியில் நேரம் நீள நீளச் சுருளின் உணர்திறன் குறையும். எனவே கணக்கிட்டதைவிடக் கூடுதல் நேரம் ஒளி புகவிட வேண்டும். எண்மக் கருவிக்கு வேறொரு தொல்லை உண்டு. நெடுநேரப் பதிவில் அதன் உணரி சூடேறுவதால் படத்தில் தேவையற்ற புள்ளிகள் தோன்றும். ஆதலால், குறுநேரப் படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கின்றனர்.

கருவியில்லாப் படம்

ஒளிப்படத்திற்குக் கருவியே வேண்டியதில்லை என்று காட்டியவர் இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ். தாவரவியலில் ஈடுபாடு மிக்க அவர், இரும்பு உப்புகள் பூசிய தாளின்மீது கடற்பாசிகளைப் பரப்பி வெயிலில் வைத்தார். வெயில் பட்ட இடம், நீரில் கழுவியபின் ஆழ்ந்த நீலமாயிற்று. பாசி மறைத்த இடம் வெண்மையாக நின்றது. சியானோடைப் என்னும் இம்முறையை ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தது 1842இல். மறு ஆண்டே அட்கின்ஸ் தம் கடற்பாசி நூலை வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. பொறியாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நீலநிற வரைபட நகலும் இதே முறையில் விளைந்ததே. அறிவியலுக்காக அட்கின்ஸ் கையாண்ட வழியை 1920களில் மேன் ரே கற்பனைக்குத் திருப்பினார். சீப்பு, சாவி, கம்பிச்சுருள் போன்ற அன்றாடப் பொருள்கள் அவர்தம் தாள்களில் கனவுருவங்களாயின.

ஒன்றின்மேல் ஒன்று

சுருளை நகர்த்தாமல் ஒரே சட்டகத்தில் இருமுறை படமெடுப்பது இரட்டைப் பதிவு. ஒளி மிகுந்துவிடாதிருக்க, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியளவு ஒளியே புகவிடப்படும். ஒளிமிகுந்த வானத்தின் முன் ஒருவரை நிழலுருவாக எடுத்தால், முகம் இருந்த பகுதியில் சுருள் மாறாதிருக்கும். அடுத்து ஒரு மரத்தை எடுத்தால், அதன் கிளைகள் முகத்தினுள் மட்டும் விரியும். சுருளைக் கழுவும்வரை விளைவைக் காண இயலாது. அந்தக் காத்திருப்பே கலைஞரை முன்கூட்டிக் கற்பனை செய்யப் பழக்கியது. திரையில் உடனே கண்டு திருத்தும் வசதி அப்பயிற்சியைத் தருவதில்லை.

1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே படமாக இணைத்து அச்சிட்டார். விக்டோரியா அரசி அதன் படி ஒன்றை வாங்கினார். ஒளிப்படம் உருவாக்கப்படலாமா, எடுக்கப்பட மட்டுமே வேண்டுமா என்னும் வழக்கு அப்போதே எழுந்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்

இணைத்த படம் கலைக்கூடத்தில் அழகு, செய்தித்தாளில் குற்றம். எனவேதான் உலக அளவிலான செய்திப்படப் போட்டிகளில் திருத்தப்படாத மூலக்கோப்பையும் கேட்டுப் பெறுகின்றனர். ஆனால், மூலப்பதிவு மட்டுமே சான்றாகிவிடுமா? 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி சிற்றூரில் எல்சி ரைட், பிரான்செசு கிரிஃபித்ஸ் என்னும் உறவினர் இருவர் வனதேவதைகளைப் படமெடுத்ததாகக் கூறினர். நெகட்டிவை ஆராய்ந்த வல்லுநர் ஒருவர், அதில் இரட்டைப் பதிவு இல்லை என்றார். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயில் 1920இல் அப்படங்களை உண்மையென்று எழுதினார். வல்லுநர் கூறியது சரியே. நெகட்டிவில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. தாளில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசிகளால் நிறுத்திவைத்தே படமெடுத்ததாக, முதுமையடைந்துவிட்ட அவ்விருவரும் 1983இல் ஒப்புக்கொண்டனர்.