மூடுபனியில் நின்றுபோன வண்டிக்கு நாலு மஞ்சள் விளக்கு



இந்தப் பாடம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கும்தான். இன்று பல டிவிஷன்களில் சொந்தமாகப் பழைய ஜீப், லான்ட்ரோவர் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கார் ஏறாத கல் ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றி வருவதும், நடுராத்திரியில் சுகமில்லாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் இந்த வண்டிகள்தான். என்ஜினைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம். ஆனால் வண்டி வழியில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு அது தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

1950, 1960களில் செய்த ஜீப்புகளில் அபாய விளக்கு சுவிட்ச் கிடையாது. இடது, வலது சிக்னல் மட்டும்தான் இருக்கும். நாலு சிக்னலும் ஒரே நேரத்தில் மின்னுவதைத்தான் அபாய விளக்கு, ஹசார்ட் லைட் என்று சொல்கிறோம். இதை அதிக செலவில்லாமல் பூட்டிக்கொள்ளலாம்.

ஏன் இது அவசியம்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். டிரைவர் கண்ணில் பட்டு, கால் பிரேக்கில் படுவதற்கே ஒரு செக்கன் போய்விடும். அதன் பிறகு ஈர ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 10 முதல் 15 மீற்றர் வேண்டும். ஆகவே குறைந்தது 25 மீற்றருக்கு முன்னாலேயே நின்ற வண்டி தெரிய வேண்டும். இறக்கத்தில் பாரம் ஏற்றி வரும் லொறிக்கு இதைவிடக் கூட வேண்டும்.

ஹட்டன் – நுவரெலியா ரோட்டிலும், ரம்பொடை வளைவுகளிலும், அப்புத்தளைப் பக்கத்திலும் மூடுபனி இறங்கினால் எத்தனை மீற்றர் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். சில நாளில் பத்து, பதினைந்து மீற்றருக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு தாயைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் அப்படிப்பட்ட வளைவில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வண்டியில் கோளாறு என்பது ஒரு கஷ்டம். பின்னால் வருகிறவனுக்கு வண்டி தெரியவில்லை என்பது உயிர் ஆபத்து.

எந்த நிறம்?

மஞ்சள் மட்டும்தான். கடையில் சிவப்பு, நீல விளக்குகளும் கிடைக்கும். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று இளைஞர்கள் கூரையில் பூட்ட ஆசைப்படுவார்கள். அது வேண்டாம். சிவப்பு, நீலச் சுழல் விளக்கு பொலிசுக்கும், அம்புலன்சுக்கும், தீயணைப்பு வண்டிக்கும் உரியது. அதைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கண்ட கண்ட வண்டியெல்லாம் அந்த விளக்கைப் போட்டு ஓடினால், நாளைக்கு நம்ம பிள்ளையை ஏற்றி வரும் அம்புலன்சுக்கு ஒருத்தரும் ஒதுங்க மாட்டார்கள். பொலிஸ் மறித்தால் நமக்கும் வீண் வில்லங்கம்.

கூரையில் பூட்டும் பெரிய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கும் மூடுபனிக்கு உதவாது. வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வருகிறவனுக்கும் கண் கூசும்.

என்னென்ன வேண்டும்?

1. நாலு பல்ப் தாங்கும் பிளாஷர் ஒன்று. பழைய பிளாஷர் இரண்டு பல்புக்குத்தான் போட்டது. அதில் நாலையும் கொடுத்தால் சரியாக மின்னாது, சீக்கிரம் கெட்டும் போகும்.
2. ஹசார்ட் சுவிட்ச் ஒன்று. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கம்பி போகும் இரட்டைச் சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள்.
3. 10 அம்பியர் பியூஸ், அதற்கான கூடு.
4. 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், ரப்பர் வளையம், இன்சுலேஷன் டேப்.

பியூஸ் கணக்கு இப்படித்தான். சிக்னல் பல்ப் ஒன்று 21 வாட். நாலுக்கு 84 வாட். அதை 12 வோல்ட்டால் பிரித்தால் 7 அம்பியர். அதனால் 10 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் எரிந்துவிட்டது என்று சிகரெட் தாள் ஈயத்தைச் சுற்றிப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் பியூசுக்குப் பதிலாக வயர் எரியும். வயரோடு வண்டியும் எரியும்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, வண்டி எத்தனை வோல்ட்? யுத்த காலத்து வில்லிஸ் ஜீப் 6 வோல்ட்டில் வந்தது. பலர் பிறகு 12க்கு மாற்றியிருப்பார்கள். பெட்டரியிலும் பல்பிலும் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது, பெட்டரியின் எந்தப் பக்கம் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கிறது? இன்றைய வண்டிகளில் மைனஸ் பக்கம். மிகப் பழைய லான்ட்ரோவர்களில் பிளஸ் பக்கம் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் இப்போதைய இலெக்ட்ரோனிக் பிளாஷரைப் போட்டால் பழுதாகிவிடும். அந்த வண்டிக்காரர்கள் முதலில் தெரிந்த பாஸ் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறை (மைனஸ் இரும்போடு சேர்ந்த 12 வோல்ட் வண்டிக்கு)

1. பெட்டரியில் இரும்போடு சேர்ந்த பக்கத்து வயரை முதலில் கழற்றுங்கள். கடைசியில் பூட்ட வேண்டியதும் அதுதான்.

2. பெட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை நேரே எடுங்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுக்காதீர்கள். சாவியைக் கழற்றி டிரைவர் இறங்கிய பிறகும் விளக்கு மின்ன வேண்டும்.

3. பெட்டரிக்குக் கிட்டவே, ஒரு சாண் தூரத்துக்குள் பியூசை வையுங்கள். பியூஸ் தூரத்தில் இருந்தால், இடையில் வயர் உரசி இரும்பில் பட்டாலும் அது காப்பாற்றாது.

4. பியூசிலிருந்து வரும் வயரைப் புதிய பிளாஷரின் ‘பி’ என்ற முனைக்குக் கொடுங்கள். ‘எல்’ என்ற முனையிலிருந்து சுவிட்சின் பொது முனைக்குக் கொண்டு போங்கள். மூன்றாவதாக ‘ஈ’ முனை இருந்தால் அதை இரும்பில் பூட்டுங்கள். பழைய பிளாஷர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது திரும்பும் சிக்னலுக்கு.

5. ஸ்டியரிங்குக்குக் கீழே சிக்னல் சுவிட்சிலிருந்து இடது விளக்குகளுக்குப் போகும் வயரையும், வலது விளக்குகளுக்குப் போகும் வயரையும் கண்டுபிடியுங்கள். இதற்காகப் பெட்டரியைச் சற்று நேரம் பூட்டி, இடது சிக்னலைப் போட்டு, சோதனை பல்பை வைத்துப் பார்த்தால் மின்னுகிற வயர் இடது. வலதையும் அப்படியே பாருங்கள். பார்த்த பிறகு பெட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள்.

6. ஹசார்ட் சுவிட்சின் ஒரு முனையை இடது வயரோடும், மற்ற முனையை வலது வயரோடும் சேருங்கள். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. முறுக்கினால் இடது சிக்னல் போட்டாலும் நாலும் மின்னும். அதனால்தான் இரட்டைச் சுவிட்ச் கேட்டோம்.

7. இணைப்புகளை ஈயம் பற்றவைத்து டேப் சுற்றுங்கள். தகட்டில் துளை போட்டு வயர் எடுக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். கல் ரோட்டில் குலுங்கும் வண்டியில் தகட்டு விளிம்பு வயரை அறுத்துவிடும்.

8. சுவிட்சை டிரைவர் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

வயர் வேலை பழக்கம் இல்லாதவர்கள் பாஸிடம் கொடுத்துச் செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம், ஆறாம் விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரியாக வேலை செய்கிறதா?

விளக்கு ஒரு நிமிடத்தில் 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும். சாவியை எடுத்த பிறகும் மின்ன வேண்டும். பிறகு இடதும் வலதும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். நம்ம மலையில் ஈரம் அதிகம். விளக்கைப் பூட்டிய ஆணியில் துரு பிடித்துவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக்கிப் பூட்டி, கொஞ்சம் கிரீஸ் தடவினால் சரியாகும். எல்.ஈ.டி. பல்ப் போட்டவர்களுக்கு விளக்கு மின்னாமல் நிற்கலாம், அல்லது வேகமாக மின்னலாம். அதற்கென்று எல்.ஈ.டி. பிளாஷர் தனியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். நாலு பல்ப் பிளாஷரில் ஒரு பல்ப் எரிந்து போனாலும் மற்றவை வழக்கம் போலவே மின்னும். டிரைவர் ஸீட்டில் இருந்து தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை இறங்கி வண்டியைச் சுற்றிப் பாருங்கள்.

எப்போது போடக் கூடாது?

ஓடும்போது போடக் கூடாது. மூடுபனியில் நாலையும் போட்டு ஓட்டினால் நீங்கள் நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. ஓடும்போது ஹெட்லைட்டை டிம்மில் போட்டு மெதுவாகப் போங்கள்.

சந்தியில் நேரே போவதற்கு நாலும் போடும் பழக்கமும் தப்பு. பக்கத்து ரோட்டில் நிற்கிறவனுக்கு உங்கள் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் திரும்பப் போவதாக நினைத்து அவன் வண்டியை எடுத்துவிடுவான்.

வண்டி நின்றுவிட்டால்

விளக்குக்கு வளைவைத் தாண்டிப் பார்க்கும் கண் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு அது தெரியாது. ஆகவே விளக்கைப் போட்டதோடு வேலை முடியவில்லை.

• முடிந்தவரை இடது ஓரத்துக்கு ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் அடை கொடுங்கள்.
• ஆட்களை இறக்கி, முடிந்தால் மலைப் பக்கத்து மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். பின்னால் நின்றால் விளக்கும் மறையும், ஆளும் அடிபடுவார்.
• சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை 50 அடி எடுத்து நடந்து வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால் வையுங்கள். முக்கோணம் இல்லாவிட்டால் பச்சைக் கொப்புகளை முறித்துப் போடுங்கள். நம்ம ரோட்டில் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.
• ஹெட்லைட்டை அணையுங்கள். நாலு விளக்கும் விட்டுவிட்டு எரிவதால் சராசரி மூன்றரை அம்பியர்தான் இழுக்கும். நல்ல நிலையிலுள்ள 60 அம்பியர்-மணி பெட்டரி சில மணி நேரம் தாராளமாகத் தாங்கும்.
• நோயாளி இருந்தால் வண்டியைத் திருத்திக்கொண்டு நேரம் போக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிசுக்கு 119. தோட்டத்தின் பெயரோடு கிட்டிய சந்தி அல்லது கோயிலின் பெயரையும் சொல்லுங்கள்.
• வண்டி புறப்படும்போது கல்லையும் கொப்பையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் விட்டுப் போகும் கல்லில் அடுத்த மோட்டார் சைக்கிள்காரன் விழுவான்.

படித்ததை நினைவுபடுத்திப் பாருங்கள்

கேள்வி: விளக்குக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்க வேண்டும்?
பதில்: பெட்டரியிலிருந்து நேரே, பியூஸ் வழியாக.

கேள்வி: எந்த நிறம்?
பதில்: மஞ்சள் மட்டும்.

கேள்வி: மூடுபனியில் ஓடும்போது போடலாமா?
பதில்: கூடாது. நின்ற வண்டிக்குத்தான்.

கேள்வி: முக்கோணத்தை எங்கே வைப்பது?
பதில்: 50 அடி எடுத்து நடந்து, வளைவுக்கு முன்னால்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அடுத்த தடவை ஹயர் ஜீப்பில் ஏறும்போது, “அண்ணே, ஹசார்ட் லைட் இருக்கா? முக்கோணம் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் ஏறுவதற்குள் அவர் பூட்டிவிடுவார்.