பழைய ஜீப்புக்குப் புதிய ஹெட்டர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை



நம் தங்கவயலைச் சுற்றியுள்ள மண் சாலைகளிலும், சயனைடு மேடுகளின் ஓரத்திலும் பழைய மகிந்திரா ஜீப்புகளையும் மாருதி ஜிப்சிகளையும் இன்றும் காணலாம். அப்பா வைத்திருந்த வண்டியைப் பிள்ளைகள் ஆசையோடு செப்பனிட்டு ஓட்டுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் செப்பனிடும் பட்டியலில் 'ஹெட்டர்' என்ற பொருளும் சேர்ந்து விடுகிறது. "இதைப் போட்டால் இழுவை கூடும், சத்தமும் கம்பீரமாக இருக்கும்" என்று கடைக்காரர் சொல்கிறார். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் இந்தக் காரியத்தில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனிஃபோல்டும் ஹெட்டரும்

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வர ஒரு வாய் உண்டு. அந்த வாய்களையெல்லாம் ஒன்று சேர்த்துச் சைலன்சர் குழாயில் விடும் வார்ப்பிரும்புத் துண்டுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கனமானது, மலிவானது, பல்லாண்டு உழைக்கும். ஆனால் உள்ளே வழி குறுகலாக இருக்கும். ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் வாயில் மோதும்.

ஹெட்டர் என்பது ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி எஃகுக் குழாய் வைத்து, ஏறக்குறைய ஒரே நீளத்தில் வளைத்து, பின்னர் ஓரிடத்தில் சேர்ப்பது. சேருமிடத்திற்குக் கலெக்டர் என்று பெயர்.

குழாய் எப்படி இழுக்கிறது?

நம் பங்காருபேட்டை–மாரிக்குப்பம் ரயில் பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதில் ஓடிய நீராவி என்ஜின்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'குப் குப்' என்ற ஓசையுடன் வெளியேறும் நீராவி, புகைப்பெட்டியிலுள்ள புகையையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அந்த இழுப்பினால்தான் அடுப்பில் காற்று புகுந்து நெருப்பு கொழுந்து விட்டு எரியும். வெளியேறும் கழிவே அடுத்த வேலைக்குத் துணை செய்கிறது.

ஹெட்டரும் அப்படித்தான். வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை, விநாடிக்கு 500 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில், குழாய் வழியே ஓடுகிறது. கலெக்டரில் இடம் திடீரென்று விரிவதால், அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை வால்வுக்குத் திரும்பி வருகிறது. வால்வு மூடுமுன் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்து விடும். புதிய கலவைக்கு இடம் கிடைக்கும். நேரம் தவறி வந்தால் பயனில்லை. இந்த நேரத்தை முடிவு செய்வது குழாயின் நீளமும் என்ஜினின் சுற்றும்தான். ஆகவே, எல்லாச் சுற்றிலும் பலன் தரும் ஹெட்டர் என்று ஒன்று கிடையாது.

உங்கள் என்ஜின் எந்தச் சுற்றில் உழைக்கிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. உயரமான பானெட் கொண்ட சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக் கொள்வோம். 1953இல் வில்லீஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த மாடலை மகிந்திரா நிறுவனம் நெடுங்காலம் நம் நாட்டில் தயாரித்தது. அதன் 2.2 லிட்டர் 'ஹரிக்கேன்' பெட்ரோல் என்ஜினின் அதிகபட்ச இழுவிசை, நிமிடத்திற்கு 2000 சுற்றிலேயே கிடைத்து விடுகிறது. பள்ளத்திலிருந்து மேடேறும்போது நாம் ஓட்டுவதும் அந்தச் சுற்றில்தான்.

மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் 16 வால்வு என்ஜினோ, 4500 சுற்றில்தான் தன் முழு இழுவிசையைத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் குழாய் பொருந்துமா? பொருந்தாது. அதிகச் சுற்றுக்கென்று பருமனாகவும் குட்டையாகவும் செய்த ஹெட்டரைப் பழைய ஜீப்பில் மாட்டினால் புகையின் வேகம் குறையும். தாழ்ந்த சுற்றில் இருந்த இழுவையும் போய்விடும். சத்தம் கூடுவதால் வலிமை கூடியது போலத் தோன்றும். காதை நம்பாதீர்கள், மேட்டை நம்புங்கள்!

டீசல் ஜீப் வைத்திருப்போர் (மகிந்திரா எம்.எம். 540 போன்றவை) ஹெட்டரால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். டர்போ இல்லாத பழைய டீசலில், பம்பையும் இன்ஜெக்டரையும் சரி பார்ப்பதே அதிகப் பலன் தரும்.

தேவைதானா? ஒரு சோதனை

பெட்ரோல் வண்டிக்கு ஒரு வேக்குவம் கேஜ் போதும். இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். கடல் மட்டத்தில் நல்ல என்ஜின் 18 முதல் 20 அங்குலம் வரை காட்டும். நம் தங்கவயல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே சுமார் 3 அங்குலம் குறைத்துக் கொள்ள வேண்டும். பிறகு 2500 சுற்றில் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டே வந்தால், புகை வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் நசுங்கிய குழாயோ உள்தகடு பெயர்ந்த சைலன்சரோதான் காரணமாக இருக்கும். அதை மாற்றினாலே போதும். அடைப்பை விட்டுவிட்டு முன்னால் ஹெட்டர் போடுவது வீண் செலவு.

அளவும் அமைப்பும்

மேனிஃபோல்டு விரிசல் கண்டு, மாற்று கிடைக்காமல் ஹெட்டர் தேவை என்றே முடிவானால், கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. வாய்களை எண்ணுங்கள். சில பழைய என்ஜின்களில் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாய்தான். அங்கே நான்கு குழாய் பேச்சுக்கே இடமில்லை.

2. நான்கு வாய் இருந்தால், ஜீப்புக்கு 4-2-1 அமைப்பே ஏற்றது. எரியும் வரிசை 1-3-4-2 ஆகையால் 1ஐயும் 4ஐயும் ஒரு ஜோடியாகவும், 2ஐயும் 3ஐயும் மற்றொரு ஜோடியாகவும் சேர்க்க வேண்டும். அப்போது ஜோடிக்குள் புகைகள் சம இடைவெளியில் வரும்; ஒன்றோடொன்று மோதாது. நான்கையும் நேரே ஒன்றில் சேர்க்கும் 4-1 அமைப்பு பெரும்பாலும் அதிகச் சுற்றுக்கு உரியது.

3. குழாயின் உள்விட்டம் என்ஜின் வாயின் அளவை ஒட்டி இருக்கட்டும். "பெரிது நல்லது" என்பது இங்கே செல்லாது.

4. குழாயின் சுவர் 1.6 மி.மீ., ஃபிளாஞ்சு 10 மி.மீ. கனம் இருந்தால் நல்லது. மெல்லிய தகடு மேடு பள்ளத்தில் அதிர்ந்து பற்ற வைத்த இடத்தில் கீறல் விடும்.

5. கலெக்டர் சேஸிஸுக்குக் கீழே தொங்கக் கூடாது. தொங்கினால் முதல் பாறையிலேயே அடிபடும். ஓடைத் தண்ணீரில் சூடான குழாய் திடீரென்று குளிர்வதும் கெடுதல். அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் காய்ந்த தாள் அதில் பட்டால் தீப்பிடிக்கும்.

6. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றிலிருந்து தாராளமான இடைவெளியும், தேவையான இடத்தில் தடுப்புத் தகடும் வேண்டும்.

7. ஜிப்சியின் எம்.பி.எஃப்.ஐ. மாடலில் ஆக்சிஜன் சென்சாருக்கு உரிய திருகு வாய் ஹெட்டரில் இருக்கிறதா என்று பார்க்கவும். கார்புரேட்டர் வண்டியானால், மாட்டிய பின் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட்டை மாற்ற வேண்டும்.

வெப்பம் செய்யும் வேலை

13 மீட்டர் நீளத் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். அதனால்தான் இரு தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுகிறோம். ஹெட்டருக்கும் இதே கணக்குத்தான். 400 மி.மீ. நீளமுள்ள ஃபிளாஞ்சு 300 டிகிரி சூடேறினால் சாதாரண எஃகு சுமார் 1.4 மி.மீ. நீளும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 2 மி.மீ. நீளும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் என்ஜின் பிளாக்கோ கால் மி.மீ. அளவே நீளுகிறது. இந்த வேறுபாடுதான் போல்ட்டை முறிக்கிறது, கேஸ்கெட்டைக் கிழிக்கிறது.

ஆகவே ஃபிளாஞ்சின் ஓரத்துத் துளைகள் சற்று நீள்வட்டமாக இருக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒருமுறை சூடேறி நன்றாக ஆறிய பின் மறுபடி முடுக்க வேண்டும். வாங்கும்போதே ஃபிளாஞ்சைச் சமமான கண்ணாடி மேல் வைத்து, ஃபீலர் கேஜால் சோதியுங்கள். கோணலான ஃபிளாஞ்சு எந்தக் கேஸ்கெட்டாலும் அடையாது.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பற்றுதலோடு ஒட்டிக் கொள்ளும். சுரங்கத்தில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. வெடி வைத்த பின் புகை அகன்று காற்று சுத்தமாகும்வரை அந்த இடத்திற்குப் போகக் கூடாது என்பது அவர்கள் பழகிய பாடம்.

ஹெட்டரின் ஃபிளாஞ்சு கால் வைக்கும் தளத்திற்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. பழைய ஜீப்பின் தளத்திலும் பயர்வாலிலும் துளைகள் இல்லாமல் இருக்குமா? மழைக்காகக் கான்வாஸை இறக்கிக் கட்டினால், கசியும் புகை உள்ளேயே தங்கும். தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வண்டியை நிறுத்திக் காற்றோட்டத்திற்கு வாருங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது 'டிக் டிக்' என்ற ஓசை, ஃபிளாஞ்சு ஓரத்தில் கரிக்கோடு, இவை கசிவின் அடையாளங்கள். தளத்தின் துளைகளை முதலில் அடையுங்கள். ஹெட்டர் பிறகு வரட்டும்.

சட்டமும் முடிவும்

ஹெட்டர் மாட்டுவதைச் சாக்காக வைத்துச் சைலன்சரைக் கழற்றுவது குற்றம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. கேடலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அதையும் நீக்கக் கூடாது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

சுருங்கச் சொன்னால், தாழ்ந்த சுற்றில் உழைக்கும் பழைய ஜீப்புக்கு விரிசலற்ற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அடைப்பில்லாத சைலன்சரும் போதும். ஜிப்சி போன்ற, சுற்று ஏறும் என்ஜினுக்கு நன்கு செய்த 4-2-1 ஹெட்டர் ஓரளவு பயன் தரும். எதுவானாலும், எவ்வளவு பளபளப்பு என்று பார்க்காமல், கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். வண்டியில் நம்மோடு உட்காருபவர்கள் நம் பிள்ளைகளும் பெற்றோரும் அல்லவா!