தொட்டி மண் இறுகிப்போகிறதா?

ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்குகிறதா? அடித்துளை அடைபடவில்லை என்றால், பெரும்பாலும் மண்ணில் மட்கு குறைந்ததுதான் காரணம்.

1. மண்ணைக் கொட்டி உதிர்த்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கலந்து நிரப்புங்கள். மட்கு மண்ணைப் பொலபொலப்பாக்கும்; காற்றும் நீரும் வேர்வரை போகும்.

2. பச்சைச் சாணம் வேண்டாம். மட்கும்போது சூடாகி வேரைக் கருக்கிவிடும்.

3. தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேருங்கள். அதில் உப்பு இருக்கும்.

4. மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகால் மூடுங்கள். வெயிலில் ஈரம் காக்கும். மெல்ல மட்கி உரமாகவும் ஆகும். தண்டை ஒட்டிக் குவித்தால் மட்டும் அழுகல் வரும்.

மட்கு தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி போடுங்கள். தயவுசெய்து சருகை எரிக்காதீர்கள்.